காங் யாரைக் காப்பாற்றியது?

ரொறன்ரோவின் பழைய தமிழ்க் காங்குகளைப் பற்றிய வீடியோக்களைப் பார்த்துவிட்டு, "அண்ணா, அவங்கள் இருந்தபடியால்தானே எங்கட ஆக்களில ஒருத்தரும் கைவைக்கேல்ல" என்று என்னிடம் சொல்லும் தம்பிமார் இங்கே சுவிஸிலும் இருக்கிறார்கள். இது சுத்தப் பொய். ஏன் என்று சொல்கிறேன்.

90களில் ஸ்காபரோவில் இரண்டு பெயர்கள் அடிபட்டன. ஒன்று வி.வி.ரி., வல்வெட்டித்துறையின் பெயரை எடுத்துக்கொண்டது. மற்றது ஏ.கே. கண்ணன், ஏ.கே.-47 துப்பாக்கியின் பெயரைச் சேர்த்துக்கொண்டது. போருக்குத் தப்பி வந்த பெடியள், புரியாத மொழி, இரவு பகலாக வேலைக்கு ஓடும் பெற்றோர். ஒன்றுசேர்ந்து நிற்க ஆசை வந்தது எனக்கு விளங்குகிறது. ஆனால் அந்தத் துப்பாக்கிகள் யாரை நோக்கித் திரும்பின? இந்த இரண்டு கூட்டமும் சுட்டுக்கொண்டது பெரும்பாலும் ஒன்றையொன்று. செத்ததும் தமிழன், சிறைக்குப் போனதும் தமிழன்.

1997 டிசம்பரில் ஸ்காபரோவில் ஒரு டோனட் கடையில் 19 வயதுத் தமிழ் மாணவன் ஒருவன் சுட்டுக் கொல்லப்பட்டான். வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் படித்தவன். எந்தக் காங்கிலும் இல்லாதவன். அவனைக் காப்பாற்ற எந்தக் காங் வந்தது? அந்த வீடியோக்களில் இந்தப் பிள்ளைக்கு எத்தனை நிமிடம் ஒதுக்குகிறார்கள் என்று பாருங்கள்.

2001 அக்டோபரில் கனடியப் பொலிஸும் குடிவரவு அதிகாரிகளும் சேர்ந்து ஐம்பது பேர் அளவில் பிடித்தார்கள். நோக்கம் நாடுகடத்தல். தப்பி வந்த நாட்டுக்கே, போர் முடியாத காலத்தில், திருப்பி அனுப்பும் பயம் அந்தக் குடும்பங்களைப் பிடித்தது.

"அது கனடா, இது சுவிஸ்" என்கிறீர்களா? இங்கே நிலைமை இன்னும் இறுக்கம். சுவிஸில் பிறந்தாலும் பிரஜாவுரிமை தானாக வராது. 2016 அக்டோபர் 1 முதல், சி பெர்மிட் வைத்திருந்தாலும், 18 வயதுக்குப் பிறகு கொள்ளை, கூட்டமாகச் சேர்ந்து ஒருவரைத் தாக்குதல் போன்ற குற்றங்களுக்கு 5 முதல் 15 வருட நாடுகடத்தல் சட்டத்தில் இருக்கிறது. இங்கே பிறந்து வளர்ந்தவர் என்பதை நீதிமன்றம் கவனிக்கும். ஆனால் கட்டாயம் மன்னிக்கும் என்றில்லை. நண்பனுக்காக ரயில் நிலையத்தில் நாலு பேராகச் சேர்ந்து ஒருவனை அடிப்பதும் இதற்குள் வரலாம்.

80களில் தோல்ஜாக்கெட் போட்ட தமிழன் என்றாலே ஹெரோயின் விற்கிறவன் என்று இந்த நாட்டில் சந்தேகப்பட்டார்கள். எங்கள் அப்பா, மாமாமார் உணவகச் சமையலறைகளில் கோப்பை கழுவிக் கழுவித்தான் அந்தப் பெயரைக் கழுவினார்கள். அதை நாங்களே திரும்பப் பூசிக்கொள்வதா?

பெரியவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். பிள்ளை அடி வாங்கி வந்தால் "வெளியில சொல்லாத, மானம் போகும்" என்கிறீர்கள். வீட்டில் சொல்ல முடியாதவன்தான் தெருவில் 'அண்ணன்' தேடுகிறான்.

உங்களை யாராவது நிறத்துக்காகச் சீண்டினால் வகுப்பாசிரியரிடமும் பள்ளிச் சமூகப் பணியாளரிடமும் சொல்லுங்கள். திகதி, இடம், சொன்ன வார்த்தை எல்லாம் எழுதி வையுங்கள். முதலில் கேட்கவில்லை என்றால் திரும்பவும் போங்கள், தேவையென்றால் எங்களில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். கத்தியோடு வரும் அண்ணனை விட, உங்களோடு பள்ளிக்கூட அலுவலகத்துக்கு வரும் அக்கா பலமானவள்.