சிம்போசியம் லிஸ்ட் யார் கையில் இருக்கு?

நாலு பேர் சேர்ந்து ஒரு வேலை செய்யணும் என்றால் முதல் காரியமாக வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் ஆரம்பிப்போம். அப்புறம் யாராவது ஒரு புண்ணியவான் தன் கூகிள் டிரைவில் ஒரு ஃபோல்டர் போட்டு லிங்க்கைத் தட்டிவிடுவான். அவ்வளவுதான், டீம் ரெடி. எந்த மென்பொருளில் வேலை செய்யலாம் என்று உட்கார்ந்து பேசி முடிவெடுத்த குழு ஒன்றைக்கூட எங்கள் கேம்பஸில் நான் பார்த்ததில்லை. பிரியாணி எந்தக் கடையில் சொல்வது என்று ரெண்டு மணி நேரம் விவாதிக்கிற கூட்டம் இது.

நான் சொல்ல வருவது ஒரே விஷயம். குழுவுக்கு மென்பொருள் தேர்ந்தெடுக்கும்போது விலை என்ன, வசதி என்ன என்று பார்ப்பதற்கு முன்னால், "நாளைக்கு இதை விட்டுக் கிளம்பினால் நம்ம சாமான் நம்மோடு வருமா?" என்று கேட்கணும். வாடகை வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கிறபோதே நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்கிற கேள்விதான். இந்தக் கேள்விக்கு உருப்படியான பதில் பெரும்பாலும் கட்டற்ற மென்பொருளிடம்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி பக்கம் இருக்கிற எந்தப் பொறியியல் கல்லூரியை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். வருஷா வருஷம் சிம்போசியம் நடக்கும். அதற்கு ஸ்பான்சர் பிடிக்க ரெண்டாம் வருஷப் பசங்கள் அம்பத்தூர் எஸ்டேட்டில் மொட்டை வெயிலில் கேட் கேட்டாக ஏறி இறங்குவார்கள். எந்தக் கம்பெனி கொடுத்தது, எது செக்யூரிட்டியோடேயே திருப்பி அனுப்பியது, எங்கே யாரைப் பார்க்கணும், போன தடவை எவ்வளவு, ரசீது யார் பேரில் போட்டார்கள்... இந்த லிஸ்ட்தான் ஒரு டிபார்ட்மென்ட் அசோசியேஷனின் உண்மையான சொத்து. பேனரும் ஷீல்டும் எல்லாம் அதற்கு அப்புறம்.

அந்த லிஸ்ட் எங்கே இருக்கும்? ஃபைனல் இயர் அண்ணன் ஒருவரின் காலேஜ் மெயில் ஐடியில். அவர் படிப்பை முடிப்பார், கொஞ்ச நாளில் ஐடியை மூடுவார்கள். கூகிள் கணக்கில் ஒருவர் பேரில் இருக்கும் கோப்பு, வேறு யார் பேருக்கும் மாற்றாமல் அந்தக் கணக்கு அழிந்தால், அதோடு போய்விடும். நாற்பது பேருக்கு ஷேர் செய்திருந்தாலும் அதே கதிதான். குரூப்பில் தேடலாமே என்பீர்கள். புதிதாகச் சேர்கிற ஜூனியருக்கு குரூப்பின் பழைய பேச்சு முழுசாகத் தெரியாது. எங்களுக்கு நடந்தது இதுதான். மூன்று வருஷ அலைச்சலின் பலன் ஒரு மே மாதத்தில் ஆவியாகிப் போனது. அண்ணன்மேல் எந்தத் தப்பும் இல்லை, அவருக்கே அது போனது தெரியாது. ஜூலையில் அடுத்த செட் மறுபடி முதல் கேட்டிலிருந்து ஆரம்பித்தது.

"மச்சி, எல்லாம் ஃப்ரீயா கிடைக்குதே, அப்புறம் என்ன" என்பவர்களுக்கு ஒன்று. இங்கிலீஷில் 'ஃப்ரீ' என்ற ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு ரிச்சர்ட் ஸ்டால்மன் 1980-களிலிருந்து தொண்டை வறள விளக்கிக்கொண்டிருக்கிறார். நமக்கு அந்தத் தொல்லையே கிடையாது. இலவசம் வேறு, கட்டற்றது வேறு என்று தமிழில் ரெண்டு தனித்தனி வார்த்தை இருக்கிறது. (இலவசத்தைப் பற்றித் தமிழ்நாட்டுக்காரனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை :-)) இலவசம் கொடுப்பவர் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம், அது அவர் இஷ்டம். ஸ்லாக்கின் இலவசத் திட்டத்தில் 2022 செப்டம்பரிலிருந்து 90 நாளுக்கு மேற்பட்ட பேச்சு கண்ணில் படாது. 2024-லிருந்து ஒரு வருஷத்துக்கு மேற்பட்டதை அழிக்கவே ஆரம்பித்தார்கள். கல்வி நிலையங்களுக்கு அளவில்லாமல் இடம் கொடுத்த கூகிள் 2022 ஜூலையிலிருந்து அதற்கு ஒரு வரம்பு கட்டியது. இதையெல்லாம் துரோகம் என்று சொல்ல மாட்டேன், அது வியாபாரம்.

தமிழ் இணையத்துக்கே இந்த அடி விழுந்திருக்கிறது. ராயர் காபி கிளப், மரத்தடி, அகத்தியர் என்று ஒரு காலத்தில் நம்மாட்கள் கூடி எழுதித் தள்ளிய மடற்குழுக்கள் யாஹூ குரூப்ஸில் இருந்தன. இன்று பெயர் தெரிந்த எழுத்தாளர்கள் சிலர் பழகியதே அங்கேதான். 2019 அக்டோபரில் யாஹூ ஒரு அறிவிப்பு விட்டது. பழைய மடல், கோப்பு, படம் எல்லாம் அழிக்கப்படும், வேண்டுமானால் சில வாரத்துக்குள் இறக்கிக்கொள்ளுங்கள் என்று. கொஞ்சம் அவகாசம் நீட்டினார்கள், 2020 டிசம்பர் 15-ல் மொத்தக் கடையையும் மூடினார்கள். யாராவது அக்கறையாக இறக்கி வைத்திருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. இதே காலத்தில் நடந்த இன்னொரு குழுவைப் பாருங்கள். சென்னை லினக்ஸ் பயனர் குழுவின் மடலாடல், ஐஐடி மெட்ராஸ் ஏரோஸ்பேஸ் துறையின் வழங்கியில் மெயில்மேன் என்ற கட்டற்ற மென்பொருளில் ஓடியது. பிறகு அங்கிருந்து கிளம்பி வேறு இடத்துக்குக் குடிபோனார்கள். விலாசம் மாறியது, குழு தொடர்ந்தது.

அடுத்தது, நாம் தினமும் தட்டுகிற கிட். லேப் எக்ஸாமுக்கு மூன்று கட்டளையை மனப்பாடம் செய்கிற நமக்கு, அது எதற்குப் பிறந்தது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. லினக்ஸ் கெர்னலை எழுதும் ஆட்கள் 2002-லிருந்து பிட்கீப்பர் என்ற தனியுடைமை மென்பொருளில் நிரலைப் பராமரித்தார்கள். அவர்களுக்கு அது காசில்லாமல் கிடைத்தது. ஆனால் நிபந்தனை உண்டு, அதற்குப் போட்டியாக எதையும் உருவாக்கக் கூடாது. கட்டற்ற மென்பொருளைக் கட்டுள்ள கருவியில் செய்வதா என்று அப்போதே பலர் முணுமுணுத்தார்கள். லினஸ் டோர்வால்ட்ஸ் கண்டுகொள்ளவில்லை, நல்லா வேலை செய்கிறது, போதும் என்றார். சாம்பா எழுதிய ஆண்ட்ரூ டிரிட்ஜெல் பிட்கீப்பர் வழங்கியோடு பேசும் ஒரு சின்ன நிரலை எழுதப் போக, 2005 ஏப்ரலில் கம்பெனி இலவச உரிமத்தை நிறுத்திக்கொண்டது. உலகத்தின் மிகப் பெரிய கூட்டுமுயற்சிகளில் ஒன்று, ஒரே வாரத்தில் நடுத்தெருவில்! டோர்வால்ட்ஸ் மற்ற வேலையை எல்லாம் ஓரங்கட்டிவிட்டு சில நாளில் கிட்டின் முதல் வடிவத்தை எழுதினார். அந்த ஜூனில் வந்த 2.6.12 கெர்னல் அதில்தான் தயாரானது. அவர் டோர்வால்ட்ஸ், அதனால் எழுத முடிந்தது. நமக்கு இப்படி நடந்தால் நாம் மறுபடி அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு நடப்போம்.

கிட்டிலும் ஒரு உள்விஷயம் இருக்கிறது. நிரல் ஒவ்வொருவர் கணினியிலும் முழு வரலாற்றோடு இருக்கும், அதற்குப் பயமில்லை. ஆனால் நாம் கிட்ஹப்பில் (2018-லிருந்து மைக்ரோசாஃப்டுடையது) 'இஷ்யூ' போட்டு அடித்துக்கொள்கிறோமே, அந்தப் பேச்சு கிட்டுக்குள் வராது. இதை ஏன் இப்படிச் செய்தோம் என்ற காரணம் முழுக்க அந்தப் பேச்சில்தான் இருக்கும். ப்ராஜெக்ட் ரிவ்யூவில் எக்ஸ்டர்னல் கேட்பதும் அதைத்தானே.

இந்த இடத்தில் யாராவது ஒருத்தன் கையைத் தூக்குவான். "நம்ம ஊர் ஸோஹோ இருக்கே, 2025-ல் ஊரே அரட்டைக்கு மாறுச்சே?" ஸோஹோ மேல் எனக்கும் பெருமைதான். தமிழ்நாட்டில் இருந்துகொண்டு உலகத்துக்கு மென்பொருள் விற்பது சாதாரணக் காரியமா? ஆனால் நம்மூர்க்காரர் கட்டிய வீடு என்பதால் வாடகை ஒப்பந்தம் மாறாது. அதன் நிரல் நம் கையில் இல்லை, நாம் தனியாக நிறுவி ஓட்ட முடியாது. சுதேசி என்பதும் கட்டற்றது என்பதும் ரெண்டு வேறு கணக்கு. ரெண்டும் ஒன்றாக அமைந்தால் சந்தோஷம்.

கட்டற்றது என்றால் ஆபத்தே இல்லையா? இருக்கிறது. 2023 மே மாதம் இந்திய அரசு தடுத்த 14 செயலிகளின் பட்டியலில் பிரையர், எலிமெண்ட் என்ற திறமூலச் செயலிகளும் இருந்தன. ஆனால் எலிமெண்ட் என்பது மேட்ரிக்ஸ் என்ற பொது நெறிமுறையைப் பேசும் பல செயலிகளில் ஒன்றுதான். அதே கணக்கோடு வேறு செயலி வழியாக உள்ளே போக வழி இருந்தது.

என்னை நிஜமாக யோசிக்க வைக்கிற எதிர்வாதம் வேறு. வழங்கியை யார் பார்த்துக்கொள்வது? நிறுவுவதற்குப் பத்து பேர் குதிப்பார்கள், அப்டேட் போட ஒருத்தன் இருக்க மாட்டான். உமாசங்கர் ஐ.ஏ.எஸ். எல்காட் நிர்வாக இயக்குநராக இருந்த 2006-08 காலத்தில் அந்த நிறுவனத்தின் கணினிகள் சூசே லினக்சுக்கும் ஓப்பன் ஆபிசுக்கும் மாறின. பெரிய காரியம். ஆனாலும் அது ஒரு அதிகாரியின் வேகத்தில் நடந்தது. கேரளப் பள்ளிகளில் லினக்ஸ் இன்றும் ஓடுகிறது என்றால், அங்கே வாத்தியார்களைப் பழக்கினார்கள், அடுத்த வாத்தியாருக்கு அவர்களே சொல்லித் தருகிறார்கள். நமக்கும் அதே கதைதான். ஆள் இல்லாத ஊரில் வழங்கி வைக்காதீர்கள். யாரும் பார்க்காத வழங்கியை விட, மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் இறக்கி வைக்கிற கூகிள் டிரைவ் மேல்.

ஆள் இருந்தால் என் தேர்வு ஸூலிப். 2012-ல் ஆரம்பித்து, 2014-ல் டிராப்பாக்ஸ் வாங்கி, கிட்டத்தட்டக் கிடப்பில் போட்ட மென்பொருள் அது. 2015-ல் நிரலைத் திறந்துவிட்டதால்தான் பிழைத்தது. ஒவ்வொரு பேச்சுக்கும் ஒரு தலைப்பு வைத்தே ஆக வேண்டும் என்பது முதல் வாரம் எரிச்சலாக இருக்கும். ஆறு மாசம் கழித்து 'ஸ்பான்சர் - எஸ்டேட்' என்று தேடினால் வேண்டியது மட்டும் வந்து நிற்கும்போது அருமை புரியும். 2 ஜிபி ரேம் உள்ள சின்ன வழங்கி போதும், மாதம் சில நூறு ரூபாய், பத்து பேர் பங்கு போட்டால் ஆளுக்கு ரெண்டு டீ. குறையும் சொல்லிவிடுகிறேன். சொந்த வழங்கியில் பத்து பேருக்கு மேல் போனால் மொபைல் நோட்டிஃபிகேஷனுக்குக் காசு கட்டணும், அல்லது சலுகை கேட்டு அவர்களுக்கு எழுதணும். மீட்டிங் குறிப்புக்கு ஈதர்பேட். அதையும் உருவாக்கிய கம்பெனியை 2009-ல் கூகிள் வாங்கி மூடப் பார்த்தது, நிரலைத் திறந்ததால் இன்றும் இருக்கிறது. கணக்கு வழக்குக்கு லிப்ரே ஆபிஸ், கோப்பு ஓடிஎஃப் வடிவத்தில்.

வாட்ஸ்அப்பை விடச் சொல்லவில்லை, சொன்னாலும் யாரும் கேட்கப் போவதில்லை. "பஸ் வந்துடுச்சா", "ஹால் சாவி யார்கிட்ட" எல்லாம் அங்கேயே இருக்கட்டும். முடிவும் கணக்கும் மட்டும் அங்கே வேண்டாம்.

இந்த வருஷம் எங்கள் செட்டில் இப்படிப் பேசி வைத்திருக்கிறோம். வழங்கியின் கடவுச்சொல் மூன்று பேரிடம், அதில் ஒருவராவது ரெண்டாம் வருஷம். டொமைன் அசோசியேஷன் பேரில். மார்ச் கடைசியில் ஜூனியர்களே மொத்தத்தையும் ஏற்றுமதி செய்து, வேறொரு கணினியில் நிறுவி, ஸ்பான்சர் லிஸ்ட்டைத் திறந்து காட்டணும். அதுவரை ஃபைனல் இயருக்கு ஃபேர்வெல் கிடையாது. எங்கள் சீனியர் ஒருத்தர் இதைக் கேட்டுவிட்டு, "அப்போ எங்களுக்கு பிரியாணி இந்த ஜென்மத்துல இல்ல" என்றார். பார்ப்போம்.