மனுலுக்கு லைக், பைக்காவுக்கு விஷம்

உங்க ஃபோன்லயும் அது கட்டாயம் வந்திருக்கும். உருண்டை மூஞ்சி, தட்டை நெற்றி, ரெண்டு பக்கமும் கீழே தள்ளி வைத்த மாதிரி காது, நாம கடன் வாங்கிட்டுத் திருப்பித் தராத மாதிரி ஒரு முறைப்பு. கீழே "திங்கட்கிழமை ஃபர்ஸ்ட் அவர்ல நான்" என்று ஒரு கேப்ஷன். சிரிச்சிட்டு ரூம்மேட்டுக்கு அனுப்பிட்டு அடுத்த ரீலுக்குப் போயிருப்பீங்க. அந்தப் பூனையின் பெயர் மனுல். 1776-ல் இதை அறிவியல் உலகுக்கு விவரித்த பீட்டர் சைமன் பல்லாஸ் என்ற ஜெர்மானியர் பெயரால் பல்லாஸ் பூனை என்றும் சொல்வார்கள்.

மீம் போடுறதை நான் குறை சொல்லல. நானும்தான் ஷேர் பண்றேன். ஆனா அந்த மூஞ்சிக்குக் கிடைக்கிற லைக்கில் ஒரு துளிகூட அதோட சாப்பாட்டுக்குப் போய்ச் சேரல. என் வருத்தம் அதுதான்.

முதல்ல, அது கோபமே இல்லைங்க. மனுல் வாழ்வது ஈரானிலிருந்து மங்கோலியா, திபெத் பீடபூமி வரை பரந்து கிடக்கும் குளிர்ந்த புல்வெளிகளில். மரமே இல்லாத வெட்டவெளி. காது கீழே இருப்பதால் பாறைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாலும் தலை துருத்திக்கிட்டுத் தெரியாது. எடை சுமார் 4 கிலோ, நம்ம வீட்டுப் பூனை அளவுதான். குண்டாகத் தெரிவதெல்லாம் முடி. வயிற்றுப் பக்கம் முடி இன்னும் நீளம், உறைந்த தரையில் படுக்கணுமே. கால் குட்டை, ஓட்டத்தில் தோற்றுவிடும். அதனால் நாயோ கழுகோ வந்தால் தரையோடு தரையாகப் படுத்து, கல் மாதிரி அசையாமல் இருந்துவிடும். மங்கோலியாவில் ரேடியோ காலர் மாட்டிப் பார்த்ததில், ஒரு ஆண் மனுல் சராசரியாக 100 சதுர கிலோமீட்டருக்குப் பக்கத்தில் சுற்றியது. 4 கிலோ பூனைக்கு அவ்வளவு இடம்!

இவ்வளவு அலைச்சலும் பெரும்பாலும் ஒரே ஒரு பிராணிக்காக. பைக்கா. உள்ளங்கை அளவு, வெளியே வால் தெரியாது, பார்க்க எலி மாதிரி இருந்தாலும் முயலுக்குத்தான் சொந்தம். இதுக்கு மீம் கிடையாது. இதுக்குக் கிடைத்தது விஷம். திபெத் பீடபூமியில் 1958 முதல் சீன அரசு பைக்காவை ஒழிக்க விஷம் வைத்துவந்தது. ஆடும் யாக்கும் தின்ன வேண்டிய புல்லைத் தின்னுது, வளை தோண்டி நிலத்தைக் கெடுக்குது என்பது குற்றச்சாட்டு. மங்கோலியாவிலும் 2000-களின் தொடக்கத்தில் புல்வெளி எலிகளுக்கு புரோமடியோலோன் கலந்த தானியத்தைத் தூவினார்கள். கூடவே பறவைகளும் செத்தன. விஷம் தின்ற இரையைத் தின்னும் பிராணிக்கும் அந்த ஆபத்து உண்டு. தப்பித்தாலும் அடுத்த வேளைக்கு இரை இருக்காது.

புல்லை நம்பிப் பிழைக்கும் மேய்ப்பர்களை நான் வில்லனாக்க வரல. ஆனா குற்றச்சாட்டைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்க. அளவுக்கு மேல் மேய்ந்து புல் குட்டையாகிவிட்ட இடம்தான் பைக்காவுக்குப் பிடிக்கும், எதிரி வருவது தூரத்திலேயே தெரியுமே. அப்போ நிலம் கெட்டதால் பைக்கா வந்ததா, பைக்கா வந்ததால் நிலம் கெட்டதா? ரெண்டு விஷயம் சேர்ந்து வந்தாலே ஒண்ணு இன்னொண்ணுக்குக் காரணம் ஆகிடாதுன்னு நமக்கு ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பேப்பரில் சொல்லித் தந்தாங்களே, அதே கதை.

சிவில் டிபார்ட்மென்ட் ஆட்கள் இதைக் கேளுங்க. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பைக்கா வளை இருக்கும் நிலத்தையும் விஷம் வைத்துப் பைக்காவை ஒழித்த நிலத்தையும் ஒப்பிட்டு, மண்ணுக்குள் தண்ணீர் எவ்வளவு வேகமாக இறங்குது என்று அளந்தார்கள். வளை உள்ள நிலத்தில்தான் வேகமாக இறங்கியது. மஞ்சள் நதி, யாங்ட்ஸி, மேக்காங் மூன்றும் பிறப்பது அந்தப் பீடபூமியில். அதாவது, நாம கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்டும் நீர் செறிவூட்டல் அமைப்பை அந்தக் குட்டிப் பிராணி சம்பளமே வாங்காமல் செய்து வைத்திருக்கிறது. பனிப்பறவைகள் சில கூடு வைப்பதும் அந்த வளைகளுக்குள்தான்.

"அதான் லீஸ்ட் கன்சர்ன் பட்டியல்ல இருக்கே, அப்புறம் என்ன?" என்று ஒருத்தர் கேட்பார். உண்மைதான். ஐயுசிஎன் 2020-ல் மனுலை அந்த வகைக்கு மாற்றியது, வளர்ந்த பூனைகள் சுமார் 58,000 என்று மதிப்பிட்டது. ஆனா இத்தனை நாடுகளில் சிதறிக் கிடக்கும் எண்ணிக்கை அது. ஒரு பள்ளத்தாக்கில் பைக்கா தீர்ந்தால் அங்கே மனுலும் தீர்ந்தது. மொத்தக் கணக்கில் அது தெரியவே தெரியாது. ஆல் பாஸ் சதவீதத்தில் தனி ஒருத்தனோட அரியர் தெரியாத மாதிரி.

கமென்ட்டில் "இது பெட்டா கிடைக்குமா?" என்று கேட்கிறவங்களுக்கு ஒரே வரி: பழக்கமில்லாத டாக்ஸோபிளாஸ்மா கிருமி தாக்கி, மிருகக்காட்சிசாலைகளிலேயே இதன் குட்டிகள் நிறைய செத்துப்போகின்றன. வீட்டு ஏசியை 16-ல் வைத்தால் தீருகிற விஷயம் இல்லை.

மனுல் நம்ம நாட்டிலும் உண்டு. லடாக்கின் சாங்தாங், ஹான்லே பக்கம். அங்கே புதுத் தலைவலி தெருநாய்கள். கேம்ப்களிலும் டூரிஸ்ட்களிடமும் மிஞ்சும் சாப்பாட்டில் பெருகி, பிறகு காட்டு விலங்குகளை வேட்டையாடுகின்றன. ஃபைனல் இயர் முடிச்சு பைக்கில் லடாக் போற பிளான் எல்லார் வாட்ஸ்அப் குரூப்பிலும் இருக்கும். போனீங்கன்னா மிச்ச மேகியைக் கொட்டிட்டு வராதீங்க. அதிர்ஷ்டம் இருந்து மனுல் கண்ணில் பட்டால், இறங்கிப் பக்கத்தில் போகாதீங்க, வண்டியில் இருந்தபடியே பாருங்க. அது அசையாமல் படுத்திருந்தால் உங்க கேமராவுக்கு போஸ் குடுக்கல. ஓட முடியாமல் ஒளிஞ்சிட்டு இருக்கு.