மண்வெட்டிக்கும் தரம் வேண்டும்

நம் மன்றக் கூட்டங்களில் தமிழரின் பழமை பேசப்படும்போதெல்லாம் இரும்பும் கூடவே வந்துவிடுகிறது. வரவேண்டியதுதான். தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் இரும்பின் காலம் கி.மு. 3345 வரை பின்னோக்கிச் செல்கிறது என்று தமிழக அரசு 2025 ஜனவரியில் அறிக்கை வெளியிட்டது. அதற்கு முன், 2022-இல், கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறை கி.மு. 2172 என்ற கணக்கைத் தந்தது. ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ 1899 முதல் அகழ்ந்தெடுத்த இரும்புக் கருவிகளை நாம் அறிவோம். பழந்தமிழன் உருக்குச் செய்தான் என்று மேடையில் ஒருவர் முழங்கினால் கைத்தட்டல் எழுகிறது. நானும் கைதட்டுகிறேன். ஆனால் நண்பர்களே, ஒரு கேள்வி. இன்று விடியற்காலையில் தாராவியிலிருந்து கூலி வேலை தேடி நாக்காவுக்குப் போகிறானே தமிழன், அவன் தோளில் இருக்கும் மண்வெட்டி என்ன உருக்கு?

என் சித்தப்பா பல ஆண்டுகளாகச் செம்பூர்ப் பக்கத்தில் தண்ணீர்க் குழாய்க்கும் மின்கம்பிக்கும் பள்ளம் தோண்டி வருகிறார். இந்த ஊர் மண் இலேசானதன்று. மேலே கொட்டி நிரவிய மண்ணும் செங்கல் துண்டும் காரையும்; அதற்கடியில் முரும்; இன்னும் அடியில் கருங்கல். சென்ற கோடையில் அவர் ஒரு கடையில் வாங்கிய மண்வெட்டி பச்சை வர்ணம் பளபளக்க அழகாகத்தான் இருந்தது. பதினோராம் நாள் அதன் விளிம்பு தகரம்போல் மடங்கியது. தட்டி நிமிர்த்தினார்; மறுநாள் மீண்டும் மடங்கியது. புதியது வாங்கினால் கூலியில் துண்டு விழும் என்று அதோடேயே மூன்று வாரம் மாரடித்தார். மடங்கிய விளிம்பு மண்ணில் இறங்காது. ஒரு வெட்டில் முடிவது இரண்டு வெட்டாகும். அந்த இரண்டாவது வெட்டின் விலையை இடுப்பும் தோளும் கொடுக்கின்றன. அதைக் கடைக்காரர் இரசீதில் எழுதுவதில்லை.

எங்கள் வீட்டில் இன்னொரு மண்வெட்டியும் உண்டு. ஊரில் ஒரு கொல்லர் லாரிப் பட்டையை வெட்டிக் காய்ச்சி அடித்துக் கொடுத்தது. அதன் இலை தேய்ந்து பாதியாகிவிட்டது, ஆனால் மடங்கவில்லை. தேய்வது வேறு, மடங்குவது வேறு. இந்த வேறுபாட்டைப் பௌதிகம் படிக்கிறவன் என்ற முறையில் சற்று விளக்க விரும்புகிறேன்.

கடைகளில் எம்.எஸ். என்று சொல்லும் சாதாரண இரும்புத் தகட்டில் கரி நூற்றுக்குக் கால் பங்குக்கும் குறைவு. லாரிப் பட்டையில் அது அரைப் பங்குக்குச் சற்று மேல். இவ்வளவுதானா என்று கேட்கலாம். இவ்வளவுதான். ஆனால் அந்த அரைப் பங்கு கரி உள்ள உருக்கைச் சிவக்கக் காய்ச்சி, எண்ணெயிலோ நீரிலோ சட்டென்று தோய்த்தால் அது கடினப்படுகிறது. நம் கொல்லர்கள் தோய்ச்சல் என்பது இதைத்தான். தோய்த்ததோடு விட்டால் கண்ணாடிபோல் உடையும். ஆகையால் மறுபடி 300, 400 டிகிரி அளவுக்கு மிதமாகச் சூடேற்றிப் பதம் தணிக்க வேண்டும். கரி குறைந்த எம்.எஸ். தகட்டை எத்தனை முறை தோய்த்தாலும் இந்தக் கடினம் வராது. நம் நாட்டு உருக்கின் இரகசியம் என்னவென்று 1819-இல் இலண்டனில் மைக்கேல் ஃபாரடே போன்ற ஒருவரே ஆராய்ந்தார் என்றால், இது படித்தவர்கள் ஒதுக்கத்தக்க பொருளன்று.

இன்னொன்று பலருக்கு வியப்பாக இருக்கும். நல்ல உருக்கும் மட்டமான இரும்பும், ஒரே கனம் இருந்தால், முதலில் ஏறக்குறைய ஒரே அளவுதான் வளையும். சுமையை எடுத்ததும் ஒன்று பழைய நிலைக்குத் திரும்பும். மற்றது வளைந்தபடியே நின்றுவிடும். கடையில் கையால் அழுத்திப் பார்த்து ‘கெட்டி’ என்று சொல்வதில் பயனில்லை என்பது இதனால்தான். ஓர் அரம் எடுத்து விளிம்பில் இழுத்துப் பாருங்கள். மெல்லிரும்பானால் அரம் எளிதாகக் கடித்துப் பொடி எடுக்கும். நன்றாகத் தோய்ச்சல் பெற்ற உருக்கானால் வழுக்கும், அல்லது சிரமப்பட்டே கடிக்கும். பளபளப்பைக் கண்டும் ஏமாற வேண்டா. நம் வீட்டு எவர்சில்வர் டம்ளரின் உலோகம் துருப் பிடிக்காது. ஆனால் அந்த வகை எவர்சில்வரைத் தோய்ச்சலால் கடினமாக்க முடியாது. பூந்தொட்டியைக் கிளற அது போதும். மாதுங்காவில் மாடி வீட்டுத் தோட்டம் வைத்திருப்பவர்கள் தாராளமாக வாங்கலாம்.

நம் நாட்டில் மெட்டல் டிடெக்டர் என்றால் ரயில் நிலைய வாசலும் போலீசாரும்தான் நினைவுக்கு வருகின்றன. இங்கிலாந்தில் அது ஓய்வு நாள் பொழுதுபோக்கு. வயலில் கருவியை வீசி நடப்பார்கள். ஒலி கேட்ட இடத்தில் சிறு கைக்கருவியால் தோண்டிப் பழைய நாணயமோ பொத்தானோ எடுப்பார்கள். (நாம் இங்கே அப்படிக் கிளம்பிவிட முடியாது. பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையல் கிடைத்தாலே கலெக்டருக்கு அறிவிக்க வேண்டும் என்கிறது 1878-ஆம் ஆண்டுச் சட்டம்.) அந்தப் பொழுதுபோக்காளர்கள் தம் கைக்கருவியைப் பற்றிச் செய்யும் விவாதம் இருக்கிறதே! என்ன உருக்கு, தோய்ச்சல் உண்டா, கழுத்து ஒரே துண்டா, ஒட்டவைத்ததா என்று அலசி எடுத்துவிடுகிறார்கள். அந்நாட்டுத் தொல்லியலாரும் அப்படித்தான். டபிள்யூ.எச்.எஸ். முத்திரையுள்ள நாலங்குலக் கொத்தனார் கரண்டியைத் தேடி வாங்குகிறார்கள். இலையும் கழுத்தும் ஒரே துண்டாக அடிக்கப்பட்டது என்பதே காரணம். ஒட்டும் இடத்தில்தான் கருவி முதலில் முறியும் என்பதை அவர்கள் அறிவார்கள்.

அவர்களைக் குறை கூறவில்லை. ஒரு நாணயத்துக்காகத் தோண்டுகிறவர் இத்தனை கேட்கும்போது, அன்றாடச் சோற்றுக்காகத் தோண்டுகிறவர் ஒன்றுமே கேட்காமல் இருப்பது ஏன் என்பதுதான் என் கேள்வி. கேட்பதற்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. இந்தியத் தர நிறுவனம் மண்வெட்டிக்கென்றே 1759 என்ற எண்ணில் ஒரு தரக் குறிப்பு வைத்திருக்கிறது, ஷவலுக்கு 274. நகை வாங்கும்போது ஹால்மார்க் பார்க்கிற நாம், குக்கர் வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்க்கிற நாம், மண்வெட்டிக்கு மட்டும் வர்ணத்தைப் பார்க்கிறோம்.

இயந்திரம் வந்துவிட்டதே, இனி மண்வெட்டி எதற்கு என்று ஒரு நண்பர் கேட்டார். அவர் தொண்ணூறு அடிச் சாலையிலிருந்து உள்ளே பிரியும் சந்துகளில் நடந்ததில்லை போலும். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய சந்தில் எந்த இயந்திரம் நுழையும்? அகன்ற சாலையிலும், குழாயும் கம்பியும் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் இடத்தில் கடைசி ஓரடியைக் கையால்தான் தோண்டுகிறார்கள்.

மலிவானதைத்தானே ஏழை வாங்க முடியும் என்பது இன்னொரு வாதம். இதற்கு விடை அவ்வளவு எளிதன்று. முழுப் பணமும் ஒரே நாளில் கையில் இல்லாதவனிடம், நல்லதை வாங்கு, நெடுநாள் உழைக்கும் என்று உபதேசம் செய்வது அநியாயம். வேலைக்கு அழைக்கிறவரே தரமான கருவி கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி. தொழிலாளி பல இடங்களில் தன் கருவியைத் தானே சுமந்துகொண்டு வர வேண்டியிருக்கிறது. அந்த வழக்கம் மாறும்வரை, குறைந்தது அவர் கொடுக்கும் பணத்துக்கு எது உருக்கு, எது தகரம் என்ற விவரமாவது அவருக்குக் கிடைக்கட்டும்.

நம் மன்றத்தில் விஞ்ஞான மாணவர்கள் பலர் இருக்கிறோம். நாக்தேவி தெருவில் விற்கும் மண்வெட்டி, கடப்பாரை, பிக்காசு வகைகளில் சிலவற்றை மன்றச் செலவில் வாங்குவோம். தாராவி, செம்பூர் வீடுகளில் முறிந்து கிடப்பவற்றையும் திரட்டி, எந்த இடத்தில் முறிந்தன என்று குறித்துக்கொள்வோம். துறையில் அனுமதி பெற்று, கடினம் அளக்கும் கருவியில் ஒவ்வொன்றையும் சோதிப்போம். முடிவுகளை ஒரே தாளில் தமிழிலும் மராத்தியிலும் இந்தியிலும் அச்சிட்டு, காலை ஏழு மணிக்கு நாக்காவில் நிற்பவர்கள் கையில் கொடுப்போம். ஆண்டு விழா மலருக்கு ஆகும் செலவில் ஒரு சிறு பகுதி போதும். தேர்வு முடிந்து, மழை தொடங்குவதற்குள் செய்து முடிக்கலாம். இசைவுள்ளவர்கள் மன்றச் செயலாளரிடம் பெயர் கொடுக்கும்படி வேண்டுகிறேன். மராத்தி நன்றாக எழுதத் தெரிந்தவர் ஒருவராவது கட்டாயம் தேவை.