ஒழுகும் குழாய்க்கு யார் பொறுப்பு?

திருப்பூரில் லைன் வீட்டில் குடியிருக்கும் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். பாத்ரூம் குழாய் போன மாதமும் ஒழுகியது, இந்த மாதமும் ஒழுகுகிறது. ஓனரிடம் சொன்னால் வரும் பதில், "நீங்க புழங்குறதுலதானுங்க போகுது, முன்னாடி இருந்தவங்க காலத்துல ஒண்ணும் ஆகலைங்களே!" முன்னாடி இருந்தவரும் இதே வசனத்தைக் கேட்டுவிட்டுத்தான் காலி செய்திருப்பார்.

பிளம்பர் கூலி குடியிருப்பவர் தலையில். பிளம்பர் வருகிறார் என்று வீட்டில் காத்திருக்கும் அரை நாளும் அவர் தலையில்தான். பீஸ் ரேட்டுக்குத் தைப்பவருக்கு அரை நாள் லீவு என்றால் அரை நாள் சம்பளம் போச்சு. இது என்ன நியாயம்?

ஒரு பொருள் ஒரு முறை உடைவது வேறு. அதே பொருள் அதே இடத்தில் திரும்பத் திரும்ப உடைவது வேறு. இதைப் பனியன் ஊர்க்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. நிட்டிங் மெஷினில் ஒரு ஊசி கெட்டுப்போனால் துணி நெடுக ஒரு கோடு விழும். அப்போது யாரும் பனியன் போடுகிறவரைத் திட்டுவதில்லை, மெஷினை நிறுத்தி ஊசியை மாற்றுகிறார்கள். கம்பெனியில் இவ்வளவு தெளிவாக இருக்கும் மூளை, வாடகை வாங்கப் போகும்போது மட்டும் எங்கே போகிறது?

குழாய் ஏன் அடிக்கடி போகிறது? பெரும்பாலான லைன் வீடுகளில் புழங்குவதற்கு போர் தண்ணீர். அது உப்பு. ஜி.ஐ. பைப்பின் உள்ளே துருவும் உப்பும் படிந்து ஓட்டை சிறுத்துக்கொண்டே வரும். குழாயின் மரை அரித்துப்போகும். டேங்கில் இருக்கும் மிதவை வால்வு இறுகி நின்றுவிடும். இதில் குடியிருப்பவர் செய்த தப்பு என்ன? குளித்ததா?

நிலத்தடி நீர் இப்படி ஆனதில் சாயத் தொழிலுக்கும் பெரிய பங்கு உண்டு. சாயம் ஏற்ற உப்பு மூட்டை மூட்டையாக வேண்டும், அந்தக் கழிவு பல வருடம் நொய்யலில் கலந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப் பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்கு விஷயம் முற்றியது. உள்ளூர் தண்ணீர் சாயத்துக்கே ஆகாது என்று, 2000-களின் நடுவில் பவானிப் பக்கம் இருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் குழாய் போட்டுத் தொழிலுக்குத் தண்ணீர் கொண்டு வந்தார்கள். தொழிலுக்கு ஆகாத தண்ணீரை வீட்டுப் பைப்பில் விட்டுவிட்டு, பைப் கெட்டால் "நீங்க சரியாப் புழங்கல" என்பதா?

"உப்புத் தண்ணிக்கு நான் என்னங்க பண்ண முடியும்?" என்று ஓனர் கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான். லோன் போட்டு நாலு வீடு கட்டி, அந்த வாடகையில் பிழைப்பவர்களும் உண்டு. ஆனால் கட்டடம் தேய்வதற்கும் சேர்த்துத்தானே வாடகை? வருடா வருடம் வாடகையை மட்டும் ஏற்றிவிட்டு, தேய்மானத்தை இன்னொருவர் கணக்கில் எழுதினால் அதற்குப் பெயர் வேறு.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டத்தின் இரண்டாவது அட்டவணையில் யார் எதைப் பழுது பார்ப்பது என்று பட்டியலே உண்டு. வாஷர், குழாய் மாற்றுவது, கழிவறை, வாஷ்பேசின் ரிப்பேர், சாக்கடை அடைப்பு எடுப்பது குடியிருப்பவர் வேலை. தேவைப்படும்போது பைப்புகளை மாற்றுவதும் கட்டடத்தின் பெரிய ரிப்பேர்களும் ஓனர் வேலை. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால்தான் இது மாறும்.

ஓனர்கள் இதில் முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். பனியன் வேஸ்ட்டையும் நாப்கினையும் கக்கூஸில் போட்டு அடைத்தவர் அதை எடுக்கத்தான் வேண்டும், அதில் பேச்சே இல்லை. ஆனால் ஆறு குடும்பத்துக்கு ரெண்டு கக்கூஸ், சாக்கடைக்குச் சரியான வாட்டம் இல்லை, மாதம் ஒரு முறை அடைக்கிறது என்றால்? அது அடைப்பு எடுக்கும் வேலை இல்லை, கட்டியதில் இருக்கும் கோளாறு. வாஷர் மாற்றி ஒரு வாரத்தில் மறுபடி ஒழுகினால், போனது வாஷர் இல்லை, பைப்.

ஓனர் செய்ய வேண்டிய ரிப்பேரைச் சொல்லியும் அவர் செய்யாவிட்டால், குடியிருப்பவரே செய்துகொண்டு செலவை வாடகையில் கழிக்கலாம் என்று 1882-ம் வருடச் சொத்து மாற்றுச் சட்டத்திலேயே இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்து உரிமை! கோபத்தில் தண்ணீரை நிறுத்துவதையும் 2017 சட்டம் தடை செய்கிறது. அப்படி நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் முறையிடலாம்.

பிறகு ஏன் யாரும் கேட்பதில்லை? அட்வான்ஸ் ஓனர் கையில். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, நிறைய லைன் வீடுகளில் வாய்ப்பேச்சுதான். தேனியில் இருந்து வந்தவர் எப்படியோ சண்டை போட்டுவிடுவார். பீகாரில் இருந்தும் ஒடிசாவில் இருந்தும் வந்து மொழி தெரியாமல் நிற்பவர் என்ன செய்வார்? பேசாமல் அடுத்த வீடு பார்ப்பார். போகும்போது "குழாய் ரிப்பேர்" என்று அட்வான்ஸிலும் பிடிப்பார்கள். அதே ஒழுகும் குழாயோடு அடுத்த குடும்பம் உள்ளே வரும்.

வீடு பார்க்கும்போதே எல்லாக் குழாயையும் திறந்து பார்ப்பது, ஒழுகினால் போட்டோ எடுத்துத் தேதியோடு வாட்ஸ்அப்பில் ஓனருக்கு அனுப்புவது, "வாஷர் குடியிருப்பவர், பைப் ஓனர்" என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்ப்பது... இதற்கெல்லாம் வக்கீல் வேண்டாம். மூன்று முறை ஒழுகியதற்கு மூன்று தேதி கையில் இருந்தால், "நீங்க புழங்குறதுல" என்ற வசனம் அவ்வளவு சுலபமாக வாயில் வராது.

ஓனர்களுக்கும் ஒரு கணக்கு. மாதம் ஒரு பிளம்பர், வருடம் ஒரு சண்டை, அடிக்கடி காலியாகும் வீடு, ஈரத்தில் ஊறும் சுவர். இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் பழைய ஜி.ஐ. லைனைப் பிடுங்கிவிட்டு நல்ல பிளாஸ்டிக் பைப் போடுவது லாபமா நஷ்டமா? எக்ஸ்போர்ட் ஊரில் இந்தக் கணக்குத் தெரியாதவர்கள் யார்?