வீடு இன்னொரு வகுப்பறை அல்ல

மாலை ஏழு மணிக்கு நம் ஊர் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் படிக்கட்டில் ஏறிப் பாருங்கள். கதவுக்குக் கதவு ஒரே குரல்தான். "எத்தனை தடவைடா சொல்றது?", "அழிச்சிட்டு மறுபடி எழுது", "பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பாரு." நடுநடுவே மேசையில் ஸ்கேல் விழும் ஓசை. சில வீடுகளில் அது மேசையோடு நிற்பதில்லை. காலையில் வேனில் ஏறி, மாலையில் இறங்கி, டியூஷனும் முடித்து வந்த ஏழு வயதுப் பிள்ளை, டைரியில் குறித்திருக்கும் வீட்டுப்பாடத்தின் முன் கண் செருக உட்கார்ந்திருக்கிறது. பள்ளி விட்டு மணிக்கணக்காகிவிட்டது. பிள்ளைக்கு மட்டும் இன்னும் விடவில்லை.

இது தவறு. பாசத்தால் செய்தாலும் தவறு, பிள்ளையின் எதிர்காலத்துக்காக என்று சொல்லிச் செய்தாலும் தவறு. பள்ளியைச் சீர்திருத்த அரசும் ஆசிரியர்களும் வேண்டும். வீட்டைச் சீர்திருத்தப் பெற்றோர் மனம் வைத்தால் போதும். அதைக்கூட நாம் செய்யவில்லை என்பதே நம் மீதான குற்றச்சாட்டு.

ஜான் ஹோல்ட் அமெரிக்காவில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியராக இருந்தவர். வகுப்பில் பிள்ளைகளைக் கூர்ந்து பார்த்துக் குறிப்பெழுதி வந்தார். கேள்வி கேட்டதும் பல பிள்ளைகளின் கண் கணக்கின் மீது போகவில்லை, ஆசிரியரின் முகத்துக்குப் போனது. சரியா தவறா என்பதை அந்த முகத்தில் படித்துவிட்டு, திட்டு வாங்காமல் தப்பிக்கப் பார்த்தார்கள். பயம் புத்தியை மழுங்கடிக்கிறது என்று 1964இல் வெளிவந்த தம் நூலில் அவர் எழுதினார். பள்ளிகள் மாறும் என்று ஆண்டுக்கணக்கில் நம்பிப் பார்த்தார். அந்த நம்பிக்கை தளர்ந்தபின், 1977இல் பள்ளிக்கு அனுப்பாமல் பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோருக்காக ஓர் இதழைத் தொடங்கினார். 'அன்ஸ்கூலிங்' என்ற சொல்லை உலகுக்குக் கொடுத்தவர் அவர்தான். வீட்டில் பலகை மாட்டி, நேர அட்டவணை போட்டுப் பாடம் நடத்துவதை அவர் அப்படிச் சொல்லவில்லை. பிள்ளை தன் ஆர்வம் இழுக்கும் வழியில் கற்கும். பெரியவர்கள் கூட இருப்பார்கள், கேட்டால் உதவுவார்கள், கேட்காதபோது நம்புவார்கள். அவ்வளவுதான்.

இது நடக்கிற கதையா என்று கேட்பவர்கள் தங்கள் வீட்டு மூன்று வயதுக் குழந்தையின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்கட்டும். "தாத்தா வந்தாங்க", "தம்பி வந்தான்", "பூனை வந்துச்சு" என்று அது பிசகாமல் சொல்கிறது. பெரியவருக்கு ஒரு விகுதி, சிறியவனுக்கு ஒன்று, பூனைக்கு வேறொன்று. பல ஆண்டுகள் கழித்துத் தமிழாசிரியர் உயர்திணை, அஃறிணை என்று கரும்பலகையில் எழுதப்போகிற இலக்கணம், பால் மணம் மாறாத அந்த வாயில் ஏற்கெனவே குடியிருக்கிறது. யார் சொல்லிக் கொடுத்தார்கள்? யாரும் தேர்வு வைக்கவில்லை. தப்பாகச் சொன்னபோது யாரும் சிவப்பு மையில் சுழிக்கவில்லை; வாரி எடுத்துக் கொஞ்சிவிட்டு, அதே சொல்லைச் சரியாகத் திருப்பிச் சொன்னோம். எப்படியும் பேசிவிடும் என்று நம்பினோம். எப்போது வேண்டுமானாலும் பேசட்டும் என்று விட்டோம். பேசியதற்கெல்லாம் மகிழ்ந்தோம். நம்பிக்கை, சுதந்திரம், பரிவு மூன்றும் கூடியிருந்த அந்த வீட்டில்தான் ஒரு மொழி முழுவதையும் குழந்தை கற்றது. எல்கேஜி சீருடை போட்ட அன்றே அந்த மூன்றையும் பிடுங்கி வைத்துவிட்டு, பிள்ளைக்குப் படிப்பில் நாட்டமில்லை என்று குறைப்படுகிறோம்.

பள்ளியை விட்டுவிடுங்கள் என்று தமிழ்நாட்டில் ஒருவர் லேசாகச் சொல்லிவிட முடியாது என்பதையும் நாம் மறக்கவில்லை. 1953இல் ராஜாஜி அரசு தொடக்கப் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதிப் பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றது. தச்சர் மகன் தச்சனாகவும் வண்ணார் மகன் வண்ணானாகவும் நிற்க வழி செய்யும் அந்தத் திட்டத்தைக் 'குலக்கல்வி' என்று பெயரிட்டு இந்த மண் எதிர்த்தது. 1954இல் காமராசர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. பிறகு பள்ளிகள் பெருகின, மதிய உணவு வந்தது, தலைமுறை தலைமுறையாகக் கதவடைக்கப்பட்டவர்களின் பிள்ளைகள் உள்ளே வந்தார்கள். முதன்முதலாகப் படிக்க வந்த அந்தப் பிள்ளைக்குப் பள்ளிதான் விடுதலை. அதை ஒருவரும் தட்டிப்பறிக்கக் கூடாது. வயதுக்கு வந்தாள் என்று மகளை நிறுத்துவதும், கடைக்கு ஆள் வேண்டும் என்று மகனை நிறுத்துவதும் சுதந்திரக் கல்வி ஆகாது. அவை பச்சைத் துரோகம். சுதந்திரம் என்பது பிள்ளையின் சுதந்திரம். பெற்றோர் தம் விருப்பப்படி பிள்ளையைக் குறுக்கிக்கொள்ளும் உரிமை அதில் அடங்காது. குலக்கல்வி பிள்ளையின் உலகத்தைத் தகப்பனின் பட்டறைக்குள் அடைத்தது. நம்பிக்கையோடு வளர்க்கும் வீடு பிள்ளையின் உலகத்தை அகலமாக்க வேண்டும். எந்த வீட்டையும் உரசிப் பார்க்கும் கல் இதுதான்.

அந்தக் கல்லில் தேறுகிற பெற்றோரும் நம்மிடையே இருக்கிறார்கள். மகளைப் பள்ளிக்கு அனுப்பாமல், அவள் கேட்கும் கேள்விகளுக்கு நாள் முழுவதும் ஈடு கொடுத்து, நூலகத்துக்கும் வயல்வெளிக்கும் பட்டறைக்கும் அழைத்துச் சென்று, அடிக்காமல் மிரட்டாமல் வளர்க்கும் அவர்களை 'பிள்ளையின் வாழ்வைக் கெடுக்கிறவர்கள்' என்று உறவினர்கள் கரித்துக்கொட்டுகிறார்கள். அது அநியாயம். பதினான்கு வயது நிறைந்தால் தேசிய திறந்தநிலைப் பள்ளி வழியே பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம், வழி அடைபட்டுவிடவில்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமோ வீட்டில் கற்கும் பிள்ளைகளைப் பற்றித் தெளிவாக எதுவும் சொல்லவில்லை. இந்தப் பெற்றோரைத் தவிப்பில் வைக்காமல், பிள்ளையின் நலனை உறுதிசெய்யும் எளிய விதிகளோடு அரசு அவர்களை ஏற்பது நியாயம்.

ஆனால் நம் பெற்றோரில் பெரும்பாலோருக்கு அந்த வழி இல்லை. இருவரும் வேலைக்குப் போக வேண்டும், பள்ளியே துணை. அவர்களுக்கும் ஒன்று கைவசம் இருக்கிறது: பள்ளியை வீட்டுக் கதவுக்கு வெளியே நிறுத்துவது. பள்ளிச் சுமையைக் குறைக்க வெளியே முயற்சிகள் நடக்காமல் இல்லை. பள்ளிப்பைக்குள் நசுங்கும் குழந்தைப் பருவத்தைப் பற்றி எழுத்தாளர் ஆர்.கே. நாராயண் 1989இல் மாநிலங்களவையில் மன்றாடினார். மத்திய அரசு அமைத்த யஷ்பால் குழு 1993இல் சுமையற்ற கல்விக்கு அறிக்கை கொடுத்தது. 2017இல் தமிழக அரசு பொதுத்தேர்வில் முதலிடப் பட்டியல் அறிவிப்பதை நிறுத்தியது. அரசு நிறுத்திய ரேங்க்கை இன்றைக்கும் கல்யாண வீட்டிலும் காதுகுத்திலும் கேட்டுக்கொண்டிருப்பது நாம்தான்.

அடி விஷயத்தில் நம் மனசாட்சி இன்னும் மோசம். அதே கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, பள்ளியில் பிள்ளையை அடிப்பதையும் மனத்தைப் புண்படுத்துவதையும் தடை செய்கிறது. ஆசிரியர் அடித்தால் பள்ளி வாசலில் நின்று நியாயம் கேட்கிற தகப்பன், அன்றிரவே அதே பிள்ளையின் மீது கை ஓங்குகிறார். ஸ்வீடன் 1979லேயே வீட்டிலும் அடிக்கக் கூடாது என்று சட்டம் செய்துவிட்டது. 'அடியாத மாடு படியாது' என்ற பழமொழியை நாம் இன்னும் விட்டபாடில்லை. அது மாட்டுக்கே நியாயமில்லை. பிள்ளைக்கு எப்படி நியாயமாகும்?

பரிவு என்றால் கண்டுகொள்ளாமல் விடுவது என்று யாரும் நினைக்க வேண்டாம். அழாமல் இருக்கக் கையில் செல்போனைக் கொடுத்துவிட்டு நகர்வது சுதந்திரம் கொடுப்பதாகாது. அது பிள்ளையைக் கைகழுவுவது. நம்புகிறவர் பக்கத்தில் இருக்க வேண்டும். காய்கறிக்காரர் தராசை மகன் வெறித்துப் பார்த்தால் கையைப் பிடித்து இழுக்காமல் கூட நிற்க வேண்டும். மகள் புள்ளிக் கோலத்தில் வரிசை தவறினால், அழித்துப் போட்டுக் காட்டாமல், அவளே எண்ணிக் கண்டுபிடிக்கும்வரை பொறுக்க வேண்டும். மதிப்பெண் குறைந்த தாளைப் பிள்ளை நீட்டும்போது அதன் கையில் நடுக்கம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நடுக்கம் இருந்தால் தோற்றது பிள்ளை அல்ல, வீடு.

கொங்கு நாட்டு வீடுகளில் இன்றும் ஒரு வழக்கம் உண்டு. தவழும் குழந்தையைக்கூட "வாங்க சாமி", "சாப்பிடுங்க கண்ணு" என்றுதான் அழைப்பார்கள். மரியாதை என்பதை அந்தக் குழந்தை பாடப் புத்தகத்தில் படிக்கவில்லை. தனக்குக் கிடைத்ததைக் கண்டு கற்றுக்கொள்கிறது. பள்ளிக்கு அனுப்புகிறவர்களும் அனுப்பாதவர்களும் பிள்ளைக்குக் கொடுக்கவேண்டிய முதல் கல்வி அந்த 'ங்க'தான். இன்று மாலை ஏழு மணிக்கு, ஸ்கேலைப் பரணில் போட்டுவிட்டு, அந்த மரியாதையைக் கொடுக்கத் தொடங்குங்கள்.