66.28 மீட்டர் யாருடைய தூரம்?

விகாஸ் கௌடா என்ற பெயரை மயிலாடுதுறை கடைத்தெருவில் சொல்லிப் பாருங்கள். பத்துப் பேரில் ஒன்பது பேர் "யாரு, கன்னட நடிகரா?" என்பார்கள். மிச்சமுள்ள ஒருவர் அநேகமாக பி.டி. வாத்தியாராக இருப்பார்!

வட்டு எறிதலில், அதாவது டிஸ்கஸ் த்ரோவில், இந்திய ஆண்களில் இவரைப் போல யாரும் வந்ததில்லை. 1983-ல் மைசூரில் பிறந்தார். அப்பா சிவே கௌடா தடகளப் பயிற்சியாளர். ஆறு வயதில் குடும்பத்தோடு அமெரிக்கா போன பையன் அங்கேயே வளர்ந்து, வட கரோலினா பல்கலைக்கழகத்துக்காக எறிந்து, 2006-ல் அமெரிக்கக் கல்லூரிகளின் சாம்பியனும் ஆனார். ஆனால் சர்வதேசப் போட்டி என்று வந்தபோது போட்டது இந்திய பனியன். 2004 ஏதென்ஸ் முதல் 2016 ரியோ வரை நான்கு ஒலிம்பிக்! 2012 லண்டனில் இறுதிச் சுற்றுக்குப் போய் 64.79 மீட்டர் எறிந்து எட்டாவது இடம். உலக சாம்பியன்ஷிப்பில் 2011-லும் 2013-லும் ஏழாவது இடம். 2014 கிளாஸ்கோ காமன்வெல்த்தில் 63.64 மீட்டருக்குத் தங்கம். 1958-ல் மில்கா சிங் வாங்கியதற்குப் பிறகு காமன்வெல்த் தடகளத்தில் ஒரு இந்திய ஆண் வாங்கிய தங்கம் அதுதான். இடையில் 56 வருடம்! 2017-ல் பத்மஸ்ரீ, 2018-ல் ஓய்வு.

அவர் 2012-ல் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் எறிந்த 66.28 மீட்டர்தான் தேசிய சாதனை. அதற்குப் பிறகு பத்து வருடத்துக்கு மேல் அதன் பக்கத்தில்கூட ஒருவரும் வரவில்லை. இது பெருமைப்பட வேண்டிய விஷயமா, வெட்கப்பட வேண்டிய விஷயமா?

"அவர் அமெரிக்கத் தயாரிப்பு, நம்மாள் கிடையாது" என்று சொல்கிறவர்கள் உண்டு. இது அநியாயம். பசிபிக் கடலில் இருக்கும் சமோவாவைப் பாருங்கள். அந்த நாட்டுக்காக வட்டு எறிகிற அலெக்ஸ் ரோஸ் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பிறந்து வளர்ந்தவர். சின்ன வயதிலேயே ஸ்டார்கார்ட் என்ற விழித்திரை நோய். நேராகப் பார்த்தால் நடுப்பகுதி தெரியாது, ஓரப் பார்வைதான். 2025 செப்டம்பரில் டோக்கியோ உலக சாம்பியன்ஷிப்பில், கொட்டுகிற மழையில், 66.96 மீட்டர் எறிந்து வெண்கலம் வாங்கினார். உலகத் தடகள சாம்பியன்ஷிப்பில் சமோவாவுக்கு அதுதான் முதல் பதக்கம். 'நீ எங்கே வளர்ந்தாய்' என்று கேட்டா கொண்டாடுவார்கள்? சமோவாவின் மொத்த ஜனத்தொகையே சுமார் இரண்டு லட்சம். மயிலாடுதுறை மாவட்டத்தில் மட்டும் ஒன்பது லட்சம் பேருக்கு மேல்.

ஆக, விகாஸ் நம்மாள்தான், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் அந்த 66.28 நம் தூரம்தானா? அப்பாவே பயிற்சியாளர், அமெரிக்கப் பல்கலைக்கழக மைதானம், பிறகு குண்டு எறிதலில் உலக சாம்பியனான ஜான் கோடினாவிடம் பயிற்சி... ஒரு குடும்பம் சொந்த முயற்சியில் தேடிக்கொண்ட தூரம் அது. அவர் ஓய்வு பெற்றதும் அந்த வழியும் அவரோடு போய்விட்டது.

ஈட்டி எறிதலில் நடந்தது வேறு. நீரஜ் சோப்ரா பானிபட் மைதானத்தில் ஈட்டி பிடிக்கக் கற்றுக்கொண்டவர். மேல்பயிற்சிக்கு வெளிநாடு போனாலும் தொடக்கம் இங்கேதான். 2021-ல் அவர் ஒலிம்பிக் தங்கம் வாங்கிய பிறகு என்ன ஆனது? 2023 ஆசிய விளையாட்டில் கிஷோர் ஜெனா 87.54 மீட்டர் எறிந்தார். 2025 டோக்கியோவில் நீரஜ் எட்டாவதாக வந்த நாளில் சச்சின் யாதவ் நான்காவதாக வந்தார். மீரட் பக்கத்து கிராமத்துப் பெண் அன்னு ராணி கரும்பை ஈட்டியாக வைத்து எறிந்து பழகி, ஆசிய விளையாட்டுத் தங்கம் வரைக்கும் போனார். (கரும்புக்கு நம்ம ஊரிலும் பஞ்சமில்லை.)

வட்டுக்கு இந்தக் கரும்பு வித்தை உதவாது. இரண்டரை மீட்டர் விட்டமுள்ள வட்டத்துக்குள் ஒன்றரைச் சுற்று சுழன்று எறிய வேண்டும். சுழல வேண்டுமானால் பாதம் வழுக்கித் திரும்ப வேண்டும். அதற்கு சிமெண்ட் தரை வேண்டும். டெல்டாவின் களிமண் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு "எறிடா" என்றால் பையன் நின்ற இடத்தில் நின்றுதான் எறிவான். ஐப்பசி மழைக்குப் பிறகு அந்த மண்ணில் கால் புதையும், எங்கே சுழல்வது? பள்ளி முடியும்வரை நின்றே எறிந்தவன் இருபது வயதில் சுழலக் கற்றுக்கொள்வது ரொம்பக் கஷ்டம். மாவட்டப் போட்டியில் ஜெயித்த பிள்ளைகள் மேலே போய்த் திணறுவதற்கு பலமின்மை மட்டும் காரணம் இல்லை. வளரி எறிந்த பரம்பரை என்று மேடையில் பேசிவிட்டு, கீழே இறங்கி மண்ணில் கோடு போட்டால் எப்படி?

இத்தனைக்கும் இயற்கை நமக்கு ஒன்றைச் சும்மா கொடுத்திருக்கிறது. வட்டு பறவையின் இறக்கை மாதிரி. எதிர்க்காற்று அதைத் தூக்கிக் கொடுக்கும். யூர்கன் ஷுல்ட் 1986-ல் எறிந்த 74.08 மீட்டர் உலக சாதனை 38 வருடம் அசையவில்லை. 2024-ல் லிதுவேனியாவின் மிகோலாஸ் அலெக்னா 74.35 எறிந்து அதை உடைத்தார், 2025-ல் 75.56 ஆக்கினார். இரண்டும் ஓக்லஹோமாவில் ரமோனா என்ற சின்ன ஊரில். அங்கே என்ன விசேஷம்? வெட்டவெளியில் வீசுகிற காற்றுதான். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்கிற ஊரில் இரண்டு கிலோ வட்டா பறக்காது?

மயிலாடுதுறை ராஜன் தோட்டத்தில் இந்திய விளையாட்டு ஆணையத்தின் பயிற்சி மையம் இருக்கிறது. ஆனால் சீர்காழி, குத்தாலம் பக்கத்துக் கிராமத்துப் பள்ளிப் பையன் தினமும் அங்கே வந்து போக முடியுமா? அவன் பள்ளிக்கூடத்திலேயே ஒரு வட்டம் வேண்டும். வீட்டுத் திண்ணைக்கு ஆகிற சிமெண்ட் போதும். சுற்றிலும் வலைக்கூண்டுக்குத்தான் கொஞ்சம் அதிகம் செலவாகும், அதில் மிச்சம் பிடிக்கக் கூடாது, கைநழுவுகிற வட்டு ஆளைக் கொல்லும். எல்லாவற்றையும்விடக் கிடைக்காத பொருள் சுழலச் சொல்லித்தர ஒரு ஆள். விகாஸுக்கு அந்த ஆள் வீட்டிலேயே இருந்தார். குத்தாலத்துப் பையனுக்கு அரசாங்கம்தான் சம்பளம் கொடுத்து அனுப்ப வேண்டும்.