ஊதா டார்ச்சும் ஹிட்லர் டயரியும்

யுத்த காலப் பொருள்களைச் சேகரிப்பவர்கள் உலகம் பூராவும் இருக்கிறார்கள். தொப்பி, கைப்பட்டை, சீருடை, பதக்கம், சிப்பாய் வீட்டுக்கு எழுதிய கடிதம் என்று எதையும் விடுவதில்லை. இதில் ஹிட்லர் காலத்து ஜெர்மன் சரக்குக்கு மவுசு அதிகம். அதனால் போலியும் அதிகம். இந்தச் சந்தையில் விற்கிறவர்கள் அடிக்கடி சொல்லும் ஒரு வாசகம் உண்டு: 'பிளாக் லைட் டெஸ்ட் பாஸ் ஆன பொருள் சார்!'

இந்த வாசகத்துக்கு நீங்கள் பத்து பைசாகூட அதிகம் தரக் கூடாது என்பது என் கட்சி. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அப்புறம் சண்டைக்கு வாருங்கள்.

முதலில் கொஞ்சம் விஞ்ஞானம். சோப்புத்தூளில் ஆப்டிகல் பிரைட்னர் என்று ஒரு சமாசாரம் கலக்கிறார்கள். வெண்மையூட்டி என்று வைத்துக்கொள்ளலாம். அழுக்கை எடுப்பது அதன் வேலை இல்லை. கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கிக்கொண்டு, கண்ணுக்குத் தெரிகிற நீல ஒளியாகத் திருப்பிக் கொடுக்கும். துணியின் மஞ்சளோடு அந்த நீலம் சேர்ந்தால் வெள்ளை வெளேர். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் 'டினோபால்' என்று சொல்லிப் பாருங்கள், முகம் மலர்வார்கள். அதேதான் இது. மெல்லிசைக் கச்சேரி மேடையில் ஊதா விளக்கைப் போட்டதும் பாடகரின் வெள்ளைச் சட்டை மட்டும் ஜொலிக்கிறதே, அதுவும் இதன் வேலைதான்.

1929-ல் பால் கிரைஸ் என்கிற ஜெர்மானியர், குதிரைச் செஸ்ட்நட் மரத்திலிருந்து கிடைக்கும் எஸ்குலின் என்ற பொருளால் லினன் துணியை வெண்மையாக்கலாம் என்று கண்டார். நாற்பதுகளின் தொடக்கத்தில் ஐ.ஜி. ஃபார்பென் கம்பெனி செயற்கை வெண்மையூட்டியைக் கொண்டுவந்தது. நூல், துணி, காகிதம், சோப்பு என்று சகலத்திலும் அது புகுந்தது யுத்தம் முடிந்த பிற்பாடுதான். இதை வைத்து சேகரிப்பாளர்கள் ஒரு சூத்திரம் செய்துகொண்டார்கள். 1945-க்கு முந்தைய நூல் புற ஊதா விளக்கில் ஒளிரக் கூடாது. ஒளிர்ந்தால் போலி, ஒளிராவிட்டால் அசல்.

இந்தச் சூத்திரத்தில் முதல் பாதி பரவாயில்லை. இரண்டாவது பாதி அபத்தம்.

முதல் பாதியிலும் ஓட்டை இருக்கிறது. தாத்தாவின் அசல் சட்டையை 1965-ல் பாட்டி சோப்புத்தூள் போட்டுத் துவைத்திருந்தால்? அசல் சட்டை, ஆனால் பளீரென்று ஒளிரும். கெட்டிக்காரர்கள் தையலைப் பிரிக்காமல் உள்மடிப்பைப் பார்ப்பார்கள், நூல் மட்டும் ஒளிர்கிறதா, துணி முழுக்க ஒளிர்கிறதா என்று கவனிப்பார்கள். தாத்தாவின் சட்டையை அவசரப்பட்டுக் குப்பையில் போடாதீர்கள்.

இரண்டாவது பாதிக்கு வருவோம். ஒளிராவிட்டால் அசல் என்பது, மோப்ப நாய் குரைக்காததால் வந்தவர் உத்தமர் என்று சொல்வது மாதிரி. வெண்மையூட்டி கலக்காத நூல் இன்றைக்கும் கிடைக்கிறது. சாயமேற்றிய கம்பளியில் பெரும்பாலும் அது இருப்பதே இல்லை. போலி செய்கிறவனுக்கும் இந்தச் சூத்திரம் தெரியும், அவனிடமும் டார்ச் இருக்கிறது. சரக்கைச் சந்தைக்கு அனுப்புமுன் அவன்தான் முதலில் அடித்துப் பார்க்கிறான். இன்னொன்று கேளுங்கள். மானின் கண்ணுக்கு மனிதனைவிட அதிகமாகப் புற ஊதா தெரியும் என்பதால், அமெரிக்க வேட்டைக்காரர்களுக்காக உடுப்பின் ஒளிர்வை அடக்கும் திரவமே பாட்டிலில் விற்கிறார்கள். மானை ஏமாற்ற வந்த மருந்து மனிதனை ஏமாற்றாதா?

உலோகத்தின் வயதைப் பற்றி இந்த விளக்குக்கு ஒன்றுமே தெரியாது. பதக்கம் என்றால் ரிப்பனைத்தான் பார்க்க முடியும். ரிப்பனை மாற்றுவது சகஜம். அசல் பதக்கத்தில் புது ரிப்பன் இருக்கலாம், போலிப் பதக்கத்தில் பழைய ரிப்பன் இருக்கலாம். டார்ச் இரண்டு பேருக்குமே தவறான தீர்ப்பு எழுதும்.

அந்த டார்ச்சே சரியில்லை என்பது தனிக் கதை. இந்த வேலைக்கு 365 நானோமீட்டர் அலைநீள ஒளி வேண்டும். மலிவாகக் கிடைக்கும் டார்ச்சுகளில் பல 395-ல் வேலை செய்பவை. அதில் கண்ணுக்குத் தெரிகிற ஊதாவும் கலந்து வரும். அடித்த இடமெல்லாம் ஊதாவாகத் தெரிந்தால் எது ஒளிர்கிறது, எது வெறுமனே பிரதிபலிக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

'அப்படியானால் விளக்கே வேண்டாம் என்கிறீரா?' என்று கேட்பீர்கள். இல்லை. விளக்கு மகா உபயோகமானது. அதற்குச் சாட்சி 1983-ல் நடந்த கூத்து.

ஸ்டட்கார்ட்டில் கொன்ராட் குயாவ் என்றொருவர் யுத்தப் பொருள் வியாபாரம் செய்துவந்தார். பாதி வியாபாரம், பாதி சொந்தத் தயாரிப்பு. ஹிட்லரின் டயரி என்று அறுபதுக்கும் மேற்பட்ட நோட்டுப் புத்தகங்களைத் தானே எழுதினார். பழசாகத் தெரிய வேண்டும் என்று தேநீர் தெளித்தார். ஸ்டெர்ன் பத்திரிகையின் நிருபர் கெர்ட் ஹைடெமான் மூலம் அவை பத்திரிகைக்குப் போயின. ஸ்டெர்ன் கொடுத்த பணம் சுமார் 93 லட்சம் மார்க்.

பத்திரிகை முதலில் நம்பியது கையெழுத்து நிபுணர்களை. அவர்கள் 'இது அவர் கையெழுத்தேதான்' என்றார்கள். காரணம் தமாஷானது. ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுத்த மாதிரிகளிலும் குயாவ் எழுதியவை கலந்திருந்தன! குயாவின் கையெழுத்தும் குயாவின் கையெழுத்தும் ஒன்றாகத்தானே இருக்கும்? ஹியூ டிரெவர்-ரோப்பர் என்ற பெரிய சரித்திர ஆசிரியரும் முதலில் அசல் என்றார். பிறகு பத்திரிகையாளர் கூட்டத்திலேயே தயங்க ஆரம்பித்தார். ஏப்ரல் 25-ம் தேதி உலகத்துக்கு அறிவித்தார்கள். மே 6-ம் தேதி ஜெர்மனியின் கூட்டரசு ஆவணக் காப்பகம் மொத்தமும் போலி என்று அறிவித்தது. காகிதத்தில் வெண்மையூட்டி! தேநீரைத் தெளித்தவர் டினோபாலின் தம்பியை மறந்துபோனார்.

ஆனால் கவனியுங்கள். ஐ.ஜி. ஃபார்பெனை மேலே சொன்னேன் இல்லையா? ஒளிர்வை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லியிருந்தால், 'யுத்த காலத்திலேயே அந்த ரசாயனம் இருந்ததே' என்று ஒரு வக்கீல் எழுந்திருக்கலாம். நிபுணர்கள் அத்தோடு நிற்கவில்லை. கட்டமைப்பில் செயற்கை நூல் இருந்ததைக் காட்டினார்கள். மையைச் சோதித்தார்கள். வாசகங்கள் மாக்ஸ் டோமாருஸ் தொகுத்த ஹிட்லர் உரைகளிலிருந்து காப்பியடிக்கப்பட்டவை என்பதையும், அதிலிருந்த தவறுகள் உட்பட, கண்டுபிடித்தார்கள். விளக்கு சந்தேகத்தைக் கிளப்பியது. தீர்ப்பு மற்ற எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து வந்தது. 1985-ல் குயாவும் ஹைடெமானும் ஜெயிலுக்குப் போனார்கள்.

'பணக்காரன் காசு, எவனோ ஏமாறுகிறான், நமக்கென்ன?' என்று கேட்காதீர்கள். 2023-ல் ஜெர்மனியின் என்.டி.ஆர். ஒலிபரப்பு நிறுவனம் அந்தப் போலி டயரிகளை முழுசாக வெளியிட்டது. அவற்றில் வருகிற ஹிட்லருக்கு யூதர்கள் கொல்லப்பட்டதே தெரியாது! அறுபது லட்சம் பேரின் சாவிலிருந்து ஹிட்லரைக் கழற்றிவிடுகிற டயரி அது. போலிப் பொருள் உங்கள் பர்ஸோடு நிற்பதில்லை. சரித்திரத்தில் பொய்சாட்சி சொல்கிறது. முகாம் கைதியின் உடுப்பு என்று ஒருவன் போலியாகத் தைத்து விற்றால் செத்துப்போனவர்களை வைத்துக் காசு பார்க்கிறான் என்றுதான் அர்த்தம். அந்தப் போலி பிடிபடும்போது 'பார்த்தீர்களா, எல்லாமே கட்டுக்கதை' என்று சொல்லக் காத்திருக்கிற கும்பலும் உண்டு.

ஜவுளிக்கடை கல்லாவில் உட்கார்ந்திருப்பவரைப் பாருங்கள். அவரிடமும் ஊதா விளக்கு இருக்கிறது. நல்ல நோட்டின் காகிதம் மங்கலாக இருக்கும், எண்களும் சில இழைகளும் மட்டும் ஒளிரும். சட்டைப் பையோடு சோப்புத்தூளில் ஊறிய நல்ல நோட்டும் ஒளிரலாம் என்பது அவருக்குத் தெரியும். அதனால் தடவிப் பார்க்கிறார், தூக்கி நீரோட்டம் பார்க்கிறார், கொடுத்த ஆளையும் ஒரு பார்வை பார்க்கிறார். ஐந்நூறு ரூபாய்க்கு இத்தனை ஜாக்கிரதை. லட்சக்கணக்கில் கொட்டுகிறவர் ஒரு டார்ச்சோடு திருப்திப்படுகிறார்!

கடைசிக் கேள்வியை அந்தக் கல்லாக்காரரிடமிருந்து கற்றுக்கொள்ளுங்கள்: கொண்டுவந்தது யார்? 2007 டிசம்பரில் நியூசிலாந்தின் வையூரு ராணுவ அருங்காட்சியகத்திலிருந்து ஒன்பது விக்டோரியா கிராஸ் உட்பட 96 பதக்கங்கள் திருடு போயின. 2008 பிப்ரவரியில் மீட்டார்கள். அத்தனையும் அசல். எந்த விளக்கும் அவை திருட்டுச் சொத்து என்று சொல்லியிருக்காது.

ஆகவே, யாராவது 'டெஸ்ட் பாஸ்' என்றால் நீங்கள் நிதானமாகக் கேட்க வேண்டியவை: எந்த அலைநீள விளக்கு? எந்தெந்தப் பாகத்தைப் பார்த்தீர்கள், நூலையா, துணியையா, லேபிளையா? எப்போதாவது துவைத்ததா? யாரிடமிருந்து யாருக்கு வந்தது, அதற்கு எழுத்தில் என்ன இருக்கிறது? பதில்களை ரசீதில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, போலியென்றால் பணம் வாபஸ் என்றும் சேர்க்கச் சொல்லுங்கள். நேர்மையான வியாபாரி எழுதித் தருவார். மற்றவர் கோபித்துக்கொண்டு மறுபடி டார்ச்சை எடுப்பார். நீங்கள் பர்ஸை எடுக்காதீர்கள்.